தாத்தாவின் வாட்ச்சுக்கு பேட்டரியும் கிடையாது, சாவியும் கிடையாது!

பீரோவில் ஓடாத வாட்ச் ஒன்றாவது இல்லாத வீடு நம்மூரில் குறைவு. தூக்கிப்போட மனசு வராது, கட்டிக்கொள்ளவும் முடியாது. எங்கள் வீட்டில் அது தாத்தாவின் சீக்கோ. நீல டயல், ஓரத்தில் இரண்டு பொத்தான்கள், ஆறு மணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டி வட்டம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த தாத்தா சிங்கப்பூரில் வாங்கியது. எந்த வருடம் என்பதில் மட்டும் வீட்டில் இன்றுவரை சண்டை. "71-லயே வாங்கிட்டார்" என்பார் பெரிய அத்தை. "நான் பொறந்த வருஷம், 75" என்பார் அப்பா.

சண்டையைத் தீர்க்க வேண்டிய சாட்சி வாட்ச்சின் முதுகிலேயே இருந்தது. 6139-6002 என்று ஓர் எண். முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் குறிக்கும். அடுத்த நான்கு, கூட்டின் வடிவத்தை. பக்கத்திலேயே இன்னோர் எண், 41 என்று ஆரம்பித்தது. 4 என்பது வருடத்தின் கடைசி இலக்கம், 1 என்பது மாதம். இந்த இயந்திரம் 1969-ல் வந்து, எழுபதுகளோடு நின்றுபோனது. ஆகவே, 1974 ஜனவரி. அத்தை கட்சிக்குத் தோல்வி!

இந்த வகை வாட்ச்சுக்கு க்ரோனோகிராஃப் என்று பெயர். நேரம் காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச் வேலையும் பார்க்கும். மேல் பொத்தானை அழுத்தினால் நடுமுள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தான் அதை பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். குட்டி வட்டம் 30 நிமிடம் வரை கணக்கு வைக்கும். கை அசைவிலேயே முறுக்கேறும் ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்கள் முதன்முதலில் வந்தது 1969-ல்தான். அவற்றில் ஒன்று இந்த 6139. இதன் மஞ்சள் டயல் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் 84 நாள்கள் இருந்தார் அமெரிக்க வீரர் வில்லியம் போக். எங்கள் வாட்ச் தயாரான அந்த ஜனவரியில் அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்தார்.

பழுது பார்க்கப் போன முதல் கடையில், "டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சு, கூட்டை பாலீஷ் போட்டுடலாம், புத்தம்புதுசா இருக்கும்" என்றார்கள். சித்தப்பாவுக்கும் அதுவே ஆசை. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டிவிட நினைத்திருந்தார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் வாட்ச் பார்க்கும் பெரியவர் வேறு மாதிரி சொன்னார். "பெயின்ட் அடிச்சா எழுத்து தடிச்சுப்போகும். பாலீஷ் போட்டா கூட்டோட முனையெல்லாம் மழுங்கிரும். அப்புறம் அது உங்க தாத்தா வாட்ச் இல்ல, தம்பி."

மூடியைத் திறந்து உட்பக்கத்தை லென்ஸில் காட்டினார். ஊசியால் கீறியதுபோல் சின்னச் சின்ன எழுத்துகள், தேதிகள். பழுது பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் வைக்கும் அடையாளமாம். கடைசித் தேதி 2003.

"இதுல பெருசா எதுவும் உடையல. எண்ணெய்தான் காய்ஞ்சு பிசினாயிருக்கு. எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார்.

2006-ல், தாத்தா பக்கவாதத்தில் படுத்த வாரத்தில். கட்டிய கையே விழுந்த கை. வாட்ச்சும் சேர்ந்து கெட்டுப்போனதாகவே நாங்கள் நினைத்திருந்தோம். பெரியவர் குமிழைத் திருகிக் காட்டினார். டயலின் உள்வளையம்தான் சுற்றியது. இந்த 6139-க்கு சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கை அசைந்தால்தான் உள்ளே இருக்கும் எடை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். அசையாவிட்டால் ஓரிரு நாளில் நின்றுவிடும். வாட்ச் அன்று கெட்டுப்போகவே இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெயின்ட்லாம் வேணாம். ஓடுனா போதும்" என்றார். சித்தப்பாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பெரியவர் இயந்திரத்தை முழுதாகப் பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்து, கண்ணாடியையும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களையும் மட்டும் மாற்றினார். மங்கிய டயலும் கூட்டின் கீறல்களும் அப்படியே இருக்கின்றன. கழற்றிய பழைய கண்ணாடியை ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தார்.

உங்கள் பீரோவிலும் இப்படி ஒன்று இருக்கலாம். முதலில் பின்பக்க எண்களைப் படித்துக் குறித்துவையுங்கள். பல வருடம் ஓடாத வாட்ச்சின் பொத்தான்களை அழுத்திப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயில் சக்கரங்கள் தேயும். ரிப்பேருக்குக் கொடுக்கும்முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். 'புதுசாக்கிடலாம்' என்று யாராவது சொன்னால், வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

கல்யாணத்தன்று வாட்ச் மாப்பிள்ளை கைக்குப் போகவில்லை. பாட்டி அதை அப்பாவிடம் கொடுத்து, "கட்டிட்டு நல்லா நடடா" என்றார். அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறது. டாக்டர் சொல்லியும் வாக்கிங் போகாதவர். இப்போது தினமும் காலையில் போகிறார்.