நிறங்களுக்கு வந்த விடுதலை

ஆடையைப் பற்றி எழுதப் புகுந்தால், "எழுதுவதற்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அக்கட்சியைச் சேர்ந்தவள்தான். என் அபிப்பிராயத்தை மாற்றியது ஒரு படம்.

ஒருநாள் சஞ்சிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதிலே ஸ்பானிய ஆடைக் கலைஞர் ஒருவர் ஆக்கிய உடைகளின் படங்கள் இருந்தன. ஒன்று குடையைப் போல் விரிந்திருந்தது. மற்றொன்றில் வளையத்தின்மேல் வளையமாகப் பாவாடை அகன்று நின்றது. மஞ்சளும் ஊதாவும் பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று போட்டிக்கு அழைத்தன. பார்த்த இடமெல்லாம் இதயங்கள், நட்சத்திரங்கள், மேகங்கள்! "இது உடுப்பா, திருவிழாப் பந்தலா?" என்று கூறி நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அருகிலிருந்த என் மகள், "ஏன் அம்மா சிரிக்கிறீர்கள்? உடுத்தியிருப்பவர் சந்தோஷமாகத்தானே நிற்கிறார்!" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆகவே அக்கலைஞரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

அவர் பெயர் அகதா ரூயிஸ் தெ லா பிராதா. 1960ஆம் ஆண்டு மட்ரிட் நகரிற் பிறந்தவர். தந்தையார் கட்டடக் கலைஞர். நவீன ஓவியங்களைச் சேர்ப்பதில் ஆர்வமுடையவர். தாயார் கத்தலோனியப் பிரபு வம்சத்தவர். இளமையில் ஓவியராக விரும்பிய அகதா, பின்னர் பார்சலோனாவில் ஆடைக்கலை பயின்றார்.

அவர் பிறந்த காலத்து ஸ்பெயின் எத்தகையது? உள்நாட்டு யுத்தத்தில் வென்று 1939இல் நாடு முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்த பிராங்கோ, 1975 நவம்பரில் இறக்கும்வரை சர்வாதிகாரியாக ஆண்டார். நூலும் நாடகமும் சினிமாவும் தணிக்கையாளர் அனுமதித்த பின்னரே மக்களை அடைந்தன. மணமான பெண் உத்தியோகம் பார்ப்பதற்கும் வங்கியிற் கணக்குத் திறப்பதற்கும் கணவனின் சம்மதம் வேண்டியிருந்தது. அச்சட்டம் 1975 மே மாதத்திலேதான் நீங்கிற்று. பெண்ணுக்கு அடக்கமே அணி என்று பாடசாலையும் கோவிலும் ஒருங்கே போதித்தன. உறவினர் இறந்தால் கிராமத்து மாதர் ஆண்டுக்கணக்காகக் கறுப்புடுத்தித் துக்கங் காத்தனர்.

அணை உடைந்தால் வெள்ளம் அளந்து பாயுமா? சர்வாதிகாரி மறைந்த சில ஆண்டுகளில் மட்ரிட் வாலிபர்களிடையே ஒரு பெருங் கலகலப்பு எழுந்தது. அதனை 'மொவிதா' என்பர். அதற்குத் தலைவரும் இல்லை. கொள்கைப் பிரகடனமும் இல்லை. பாட்டுக் குழுக்கள் தோன்றின. பெத்ரோ அல்மொதோவார் என்னும் இளைஞர் தொலைபேசிக் கம்பனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சினிமாப் படம் எடுத்தார். தலைமயிருக்குப் பச்சையும் சிவப்பும் பூசிய யுவதிகள் வீதியில் உலாவினர். அந்நாளில் நகரபிதாவாக இருந்தவர் தியேர்னோ கல்வான் என்னும் முதிய பேராசிரியர். பிராங்கோ ஆட்சியினால் 1965இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர் அவர். தாம் மிக ஒழுங்காகக் கோட்டு அணிந்தபோதும் இளைஞரின் கோலத்தைக் கண்டு அவர் சினக்கவில்லை. 1986இல் அவர் இறந்தபோது நகரமே திரண்டு வந்து வழியனுப்பிற்று.

இந்தக் கலகலப்பின் நடுவிலே, 1981இல், அகதா தம் ஆடைகளை மட்ரிட்டில் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி துப்பாக்கியேந்திய ஒரு கூட்டம் பாராளுமன்றத்துட் புகுந்து பழைய ஆட்சியை மீட்க முயன்றது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். மறுநாளே அம்முயற்சி தோற்றது. ஆயினும், பெற்ற சுதந்திரம் நிலைக்குமோ என்ற அச்சம் வீடுதோறும் இருந்த காலம் அது. அக்காலத்தில் ஓர் இளம்பெண் இதயமும் நட்சத்திரமும் வரைந்த ஆடையை மேடையேற்றியது வெறும் விளையாட்டா? "நாங்கள் இனி அஞ்சமாட்டோம்" என்பதை அவள் துணியால் உரைத்தாள் என்றே நான் கொள்கிறேன்.

நிற்க. மொவிதாவின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. வரம்பற்ற இரவுகளில் ஹெரோயின் என்னும் நஞ்சும் புகுந்தது. அதனாலும், அதனைத் தொடர்ந்த எயிட்ஸ் நோயினாலும், அத்தலைமுறையில் எத்தனையோ பேர் இளமையிலேயே மாண்டனர். பிரபு குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்பதும் நியாயமே. ஆனால் செல்வம் மாத்திரம் ஒருவரை நாற்பது ஆண்டுகள் ஒரு தொழிலில் நிறுத்திவைக்காது. கலகலப்பு ஓய்ந்து, உடன் ஆடியவர் பலர் கலைந்த பின்னரும் அகதா தம் மேசையை விட்டெழவில்லை.

காலப்போக்கில் அவருடைய இதயங்கள் குழந்தை உடுப்பிலும் பாடசாலைப் பையிலும் வாசனைத் திரவியப் புட்டியிலும் சுவர் ஓட்டிலும் ஏறின. கலகமாகப் பிறந்தது கடைச்சரக்காயிற்றே எனச் சிலர் குறை கூறுவர். எனக்கோ அது முழுக்குறையாகத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் துணிவு வேண்டியிருந்த நிறம், இன்று ஒரு சிறுமியின் புத்தகப்பையில் எவ்வித அச்சமுமின்றித் தொங்குகிறது. வென்ற சுதந்திரத்தின் அடையாளம் அதுவேயன்றோ? 2017இல் ஸ்பானிய அரசு ஆடைக்கலைக்கான தேசிய பரிசை அவருக்கு வழங்கிற்று. ஒருகாலத்தில் நிறங்கண்டு முகஞ்சுளித்த நாடு நிறத்துக்கு மரியாதை செய்தது.

அந்தச் சஞ்சிகையை நான் எறிந்துவிடவில்லை. இன்றும் அப்படங்களைப் பார்த்தாற் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அது முன்னைய சிரிப்பன்று. மகள் அன்று கேட்ட கேள்விக்கு இப்பொழுது என்னிடம் விடை உண்டு: சந்தோஷமாக உடுத்துவதற்கும் ஒரு காலத்தில் ஒரு நாடு காத்திருக்கவேண்டியிருந்தது, மகளே.