வட்டி போகிறது, அசல் நிற்கிறது

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்துப் பின்னர் இலண்டனில் குடியேறியவர் என் சித்தப்பா. ஹாரோ என்னும் பகுதியில் வசிக்கிறார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ரயில்வேயில் கணக்கெழுதுகிறவன் நீ, என் வீட்டுக் கடனையும் சற்றுப் பார்த்துச் சொல்" என்றார். நம் வாசகர் பலருக்கும் அந்நாட்டில் மக்களோ உறவினரோ இருப்பதால், பார்த்ததை எழுதுகிறேன்.

அது வட்டி மட்டும் கட்டும் அடமானக் கடன். மாதந்தோறும் வட்டி செலுத்தினால் போதும். அசலைத் தவணை முடியும் நாளில் ஒரே தொகையாகத் தீர்க்க வேண்டும். ஊரில் நகையை அடகு வைத்து, ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி மறுபடியும் வைக்கிறோமே, அதன் தமையன் இது. இரண்டு லட்சம் பவுன் கடனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியானால் மாதம் 333 பவுன், ஐந்தானால் 833. 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த பாங்க் ஆப் இங்கிலாந்தின் வட்டி விகிதம் 2023 ஆகஸ்டில் 5.25 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிய பின்னும் அந்த இரண்டு லட்சம் ஒரு பவுன்கூடக் குறைந்திராது.

1980, 1990களில் அசலுக்கென்று ஆயுள் இன்ஷூரன்ஸ் சேமிப்புப் பாலிசியையும் சேர்த்து விற்றார்கள். அவற்றுள் பல எதிர்பார்த்தபடி வளரவில்லை. இவ்வகைக் கடன்களுள் ஏறக்குறையப் பாதிக்கு, தவணை முடிவில் போதிய பணம் இராமற்போகலாம் என்று அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு ஆணையம் 2013இல் கண்டது. சித்தப்பாவிடம் பாலிசியே இல்லை. வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அது ஏறியும் இருக்கிறது.

நம் மத்திய அரசு ஊழியருக்கான வீடு கட்டும் முன்பணமோ நேர் எதிரானது. 2017 விதிகளின்படி, முதலில் அசலை 180 தவணைகளுக்குள் பிடித்து, வட்டியைப் பிறகு 60 தவணைகளுக்குள் பிடிக்கிறார்கள். சம்பளத்தில் கை வைக்கிறார்களே என்று அலுவலகத்தில் முணுமுணுப்போர் உண்டு. எனக்கு அது விவேகமான ஏற்பாடாகவே படுகிறது.

சித்தப்பாவுக்கு வழிகள் இரண்டு. ஓய்வுக்கால வட்டிக் கடன் என்று 2018 முதல் பரவிவரும் ஒன்றுக்கு மாறலாம். வீட்டை விற்கும்போதோ, முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும்போதோ, இறப்புக்குப் பின்னரோ அசல் தீரும். ஆனால் இருவர் பெயரில் எடுத்தால், ஒருவர் மறைந்தபின் மற்றவரின் வருமானம் மட்டும் வட்டிக்குப் போதுமா என்றும் கணக்கிடுவார்கள். சித்தியின் ஓய்வூதியம் மிகச் சிறிது. இதைச் சொன்னபோது சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை.

மற்றொரு வழி, விற்றுக் கடனைத் தீர்த்துச் சிறிய வீட்டுக்குப் போவது. முத்திரைத் தீர்வை, வக்கீல், தரகர் கூலி எல்லாம் போகக் கையில் நிற்பதையே கணக்கில் கொள்ள வேண்டும். தவணை முடியும்வரை காத்திராமல் இப்போதே விற்பது நல்லது என்றேன். அவசரத்தில் விற்பவனிடம் வாங்குகிறவன் விலை பேசுவது வேறு மாதிரி.

"பிள்ளைகள் வளர்ந்த வீடு" என்றார் சித்தி. குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கு இது புதிதன்று. ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியை ஒப்படைத்துவிட்டு, பாதிப் பாத்திரங்களை உறவினர்க்கு ஈந்து, கிரேட்டர் கைலாஷில் அன்று, துவாரகையிலும் நொய்டாவிலும் இன்று என்று எத்தனை பேர் சிறு வீடுகளுக்குப் போகிறோம்! சித்தியும் இதையெல்லாம் பார்த்தவர்தான்.

சென்ற வாரம் தரகர் இருவர் வந்து வீட்டைப் பார்த்துப் போயினர். ஈலிங் அம்மன் கோயிலுக்குப் பஸ்ஸில் போகும் தூரத்தில் புது வீடு அமைய வேண்டும் என்பது மட்டும் சித்தியின் நிபந்தனை.