வெறுங்குலைக்கு வந்த விலை

பெயர் தென்னமரம், நட்டதோ செம்பனை. கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள அந்தத் தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. புக்கிட் பெருந்துங்கில் வீடு வாங்கி வந்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கும் பூர்வீகம் இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்கள்தான்.

ஒரு டன் பழக்குலையில் கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 200 கிலோ. பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலையும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். முன்பு மில்லிலேயே அதை எரித்து, சாம்பலை உரமாகப் போட்டார்கள். பிறகு மரத்தடியில் பரப்பி மட்கவிட்டார்கள். மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தாமல், துண்டாக்கி அங்கேயே மட்கவிடும் முறைக்காக 1992இல் கோல்டன் ஹோப் நிறுவனத்துக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருது கிடைத்தது.

விருது எதுவும் வாங்காத ஒரு மறுசுழற்சி லயத்திலும் நடந்தது. வெட்டிப்போட்ட மட்டையில் ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டினார்கள். மரத்தடிப் புல்லை மாடு மேய்ந்தது. சாணி கீரைப் பாத்திக்குப் போனது. மழை பெய்தால் வெறுங்குலைக் குவியலில் காளான் முளைக்கும். "மில்லுக்காரன் தூக்கிப் போட்டதுல நமக்கு ஒருவேள கொழம்புடா" என்பார் பாட்டி. கேட்க ஆளில்லாத பொருள் என்பதால்தான் அது எங்கள் கைக்கு வந்தது.

இன்று வெறுங்குலை எரிபொருள் வில்லையாகிறது, நாராகிறது. மில்லின் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. காற்றில் விடாமல் எரிப்பது நல்லதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் விலை வந்துவிட்டால் கழிவு சரக்காகிவிடும். சரக்குக்குக் கணக்கு உண்டு, கணக்குக்கு கேட் உண்டு, கேட்டுக்கு ஜாகா உண்டு. மண்ணுக்கும் இதே கதைதான். வெறுங்குலையில் இருக்கும் பொட்டாசியம் மண்ணிலிருந்து வந்தது. அத்தனையையும் லாரியில் ஏற்றி விற்றுவிட்டால், அந்த இடத்தை மூட்டை உரத்தால் நிரப்ப வேண்டியிருக்கும்.

அதனால், விவசாயக் கழிவைக் காசாக்கும் திட்டம் எதைப் படித்தாலும், எத்தனை மெகாவாட் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தேடுகிறேன்: இதுவரைக்கும் இதை யார் எடுத்துக்கிட்டு இருந்தாங்க? இனிமே அவங்களுக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பத்தி பெரும்பாலும் இருப்பதில்லை.