திருநெல்வேலிச் சந்தையும் வாயில்லாச் சீவன்களும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தூரத்திலேயே திருநெல்வேலியை அடைவர். செம்மண் தோட்டங்களும் ஆழக் கிணறுகளும் இவ்வூருக்கு அணி செய்வன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேதான், 1974இல் தொடங்கிய வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கின்றது. அறிவுப் பசிக்கு அக்கலைக்கூடம் என்றால், வயிற்றுப் பசிக்குத் திருநெல்வேலிச் சந்தை. கத்தரியும் வெங்காயமும் வாழைக்குலையும் கீரைப்பிடியும் காலையில் அங்கே குவிந்திருக்கும் காட்சி கண்ணுக்கு விருந்து.

ஆயினும், நாம் வாசகரை இன்று அழைத்துச் செல்ல விரும்புவது காலைச் சந்தைக்கு அன்று. சந்தை கலைந்த பிற்பகலுக்கு. அப்பொழுது வீதியோரக் குப்பையைத் தேடிக் கட்டாக்காலி மாடுகள் வருகின்றன. வீடுகளிலிருந்து வந்த காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் பொலித்தீன் பைகளில் இறுக முடியப்பட்டு அங்கே கிடக்கின்றன. உள்ளே உணவு இருப்பதை மணத்தால் பசு அறியும். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை உண்டா? பையோடு சேர்த்தே விழுங்கிவிடுகின்றது.

மாட்டின் மேல்வாயில் முன்பற்கள் இல்லை. நாவினால் வளைத்திழுத்து, நன்கு மெல்லாமல் விழுங்கிப் பின்னர் ஆறுதலாக அசைபோடுவது அதன் இயல்பு. நான்கு அறைகள் கொண்ட இரைப்பையின் முதல் அறையிலே பொலித்தீன் தங்கிவிடுகின்றது. அது செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. நாளடைவில் பைகள் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகத் திரள்கின்றன. வயிறு நிறைந்தது போன்ற உணர்வினால் பசு தீனைக் குறைக்கின்றது; பால் வற்றுகின்றது; உடல் மெலிய வயிறு மட்டும் உப்புகின்றது. மிருக வைத்தியர் விலாவைக் கீறி அப்பந்தை அகற்றினாலன்றிப் பல மாடுகளுக்கு உய்வில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கேடன்று. கிழக்கே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என்று 2022 சனவரியில் செய்தி வந்தது. காட்டு வேழத்தையே வீழ்த்தும் பை, வீட்டுப் பசுவை விடுமா?

மிருகவதையைத் தடுக்க இலங்கையில் 1907ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. அடிப்பவனையும் பட்டினி போடுபவனையும் அது குற்றவாளி என்றது. அதற்கு அது விதித்த உச்சத் தண்டமோ 100 ரூபா. ஆனால் முடிச்சுப் போட்டு எறிபவனை எந்தச் சட்டம் தேடிப் பிடிக்கும்? அவன் கொடியவனும் அல்லன். பட்டிப்பொங்கலன்று பசுவுக்கு மாலை சூட்டிப் பொட்டிட்டு வணங்குபவனும் அவனே. ஒரு நாள் பூசையும், எஞ்சிய நாளெல்லாம் நஞ்சும்! கொடுமை கோலெடுத்து வந்தால் கண்டு தடுக்கலாம்; கவனமின்மையாக வந்தால் அதனைக் கொடுமையென்று உணர்வாரே இல்லை. பால் கறந்தபின் பசுவை வீதியில் மேயவிடும் உரிமையாளருக்கும் இப்பழியிற் பங்குண்டு.

நம் பாட்டிமார் கடகமும் உமலும் கொண்டு சந்தைக்குச் சென்றனர். மரக்கறித் தோல் தொட்டிக் கழுநீரோடு கலந்து நேரே மாட்டுக்குச் சென்றது. அவ்வழக்கம் முழுவதையும் மீட்பது அரிதாயினும், அதன் பயனை மீட்பது எளிது. காய்கறித் தோலைப் பையில் முடியாது அயல்வீட்டுப் பசுவுக்குக் கொடுக்கலாம். பசு இல்லையேல் வாழையடியிற் புதைத்து எருவாக்கலாம். சந்தைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு துணிப்பையோ பனையோலைப் பையோ எடுத்துச் செல்லலாம். மாணவச் செல்வங்கள் இதனைத் தத்தம் அடுக்களையில் இன்றே தொடங்குவார்களாயின், வரும் பட்டிப்பொங்கலில் நாம் சூட்டும் மாலைக்குப் பொருள் உண்டாகும்.