ஒரே பேருந்தில் மூன்று சட்டங்கள்

அரநாயக்கவிலிருந்து மாவனல்லைக்குப் போகும் பேருந்தில் அருகருகே அமர்ந்திருக்கும் மூவருக்குச் சொத்துப் பிரிக்கும் வேளையில் மூன்று சட்டங்கள் பொருந்தக்கூடும். கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். முஸ்லிமுக்கு 1931ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். தோட்டத் தமிழனான எனக்குப் பொதுச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை எங்களைச் சேராது. (பிரிப்பதற்கு லயத்து அறையும் சொந்தமில்லை என்பது வேறு கதை.)

ஆகவே 2008 பெப்ரவரியில், ஷரீஆவின் சில அம்சங்களுக்குப் பிரித்தானியாவில் இடமளிப்பது தவிர்க்கவியலாததாகத் தெரிகிறது என்று கன்ரபரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் கூறியபோது எழுந்த கூச்சல் எனக்கு வியப்பளித்தது. ஏனெனில் 2003லேயே அந்நாட்டு நிதிச் சட்டம் சத்தமின்றி ஓர் இடையூறை நீக்கியிருந்தது. வட்டி தவிர்க்கும் வங்கி, வீட்டைத் தானே வாங்கி, இலாபம் சேர்த்து வாடிக்கையாளருக்கு விற்கும். விற்பனை இரண்டு என்பதால் முத்திரை வரியும் இரண்டு தடவை விழுந்தது. அந்த இரண்டாவது வரியைத்தான் நீக்கினார்கள். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் வங்கித் திருத்தச் சட்டம் இவ்வகை வணிகத்துக்கு வழிவிட்டது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது.

மாவனல்லை நண்பர் ஒருவர் இம்முறையில் முச்சக்கர வண்டி எடுத்தார். "இலாபத்துக்கும் வட்டிக்கும் என்ன வித்தியாசம்?" என்று சீண்டினேன்.

"வெல மொதல்லயே முடிவு மச்சான். தவண பிந்தினாலும் அது ஏறாது."

மாதத் தவணை சாதாரணக் குத்தகைக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. அதை நான் சொல்லிக்காட்டவில்லை. அடகுக் கடையில் வட்டி ஏறி ஏறி மூழ்கிப்போன அம்மாவின் தோடு நினைவுக்கு வந்தது. ஏறாத விலை என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத சொல்.

இதற்கெல்லாம் தனி நீதிமன்றம் உண்டா என்றால், இல்லை. ஷரீஆவுக்கு அமைய ஆங்கிலச் சட்டம் பொருந்தும் என்று எழுதிய ஒப்பந்தம் ஒன்று, பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும் வங்காளதேசத்தின் பெக்சிம்கோவுக்கும் இடையே வழக்காயிற்று. ஓர் ஒப்பந்தத்தை ஒரு நாட்டின் சட்டமே ஆளமுடியும் என்று கூறி, 2004இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆங்கிலச் சட்டப்படியே தீர்த்தது.

நண்பரின் வண்டித் தவணையில் தகராறு வந்தாலும் எல்லோரும் போகும் சாதாரண நீதிமன்றம்தான். அவருடைய மகளின் விவாகரத்து மட்டும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி நீதிமன்றத்துக்குப் போயிற்று. வண்டி ஒப்பந்தத்தில் அவர் விரும்பிக் கையொப்பமிட்டிருந்தார். மகளிடம் எந்தச் சட்டம் வேண்டுமென்று எவரும் கேட்டதில்லை.