வலப்பக்கக் கதவு

பீரோவின் வலப்பக்கக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்றுதான் ஆறு வருஷமாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தேன். நின்று படித்தேன். படித்துவிட்டு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன்.

அது பர்மா தேக்கில் செய்த இரட்டைக் கதவு பீரோ. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். அத்தை, அதாவது என் மாமியார், கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்குக் குடிவந்த புதிதில், 1971-இல், காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பிரித்து விற்றார்கள். அங்கிருந்து மாமா 140 ரூபாய்க்கு வாங்கி, செங்கல் லாரியில் இடம் கேட்டு ஏற்றிக்கொண்டு வந்தாராம். அப்போதே அது பழைய பீரோதான். மேல் ஓரம் உடைந்து போயிருந்தது. ஒரு கீலைக் காணோம். வெளிப்புறம் அரக்குப் பாலிஷ் கறுத்துப்போய் இருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் யாரோ உள்பக்கம் முழுக்க வெளிர் பச்சை எனாமல் அடித்திருந்தார்கள். ஆசாரிக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. மாமாவே கீல் வாங்கிப் பொருத்தினார். அத்தை தேங்காய் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து நாலு நாள் துடைத்தார். மலிவாக வாங்கிய பழைய பொருளைக் கையால் சீர்செய்து வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இந்தக் குடும்பத்தில் என்னிடம் தொடங்கவில்லை. இதை எனக்கே சொல்லிக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது.

பழசைப் புதுப்பிக்கும் வேலையை நான் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. குரோம்பேட்டையில் வாடகை வீடு, ஒரு சம்பளம், கைக்குழந்தை. கடையில் ஒரு நிலைக்கண்ணாடியின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய டிரங்க் ரோடு நெடுக, செடியில் இருந்து கம்ப்யூட்டர் உதிரி வரைக்கும் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே இடித்த வீட்டில் இருந்து வந்த ஜன்னல் சட்டம் ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கி, அதில் கண்ணாடி வெட்டிப் பொருத்தினேன். இன்றைக்கும் எங்கள் கூடத்தில் அதுதான் மாட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ. ஒடுக்கு விழுந்த பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, மேசை விளக்குக்கு அடித்தண்டு ஆக்கினேன். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியில் மணிபிளாண்ட் வைத்தேன். அம்மாவின் பழைய பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது. கரையை மட்டும் வெட்டியெடுத்து, அடியில் பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால் இற்ற பட்டும் தாங்கும் என்று கண்டுபிடித்து, நாலு தலையணை உறை தைத்தேன். அவற்றை எல்லாம் செய்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். குப்பைக்குப் போக இருந்த ஒன்றைக் கையில் எடுத்து, அதற்கு இன்னொரு இருபது வருஷம் கொடுப்பதைப் போன்ற சந்தோஷம் வேறு கிடையாது. இந்த வேலையின் மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. இதை எழுதக் கை கூசுவதும் அதனால்தான்.

2018-இல் அத்தை பழைய வீட்டைக் காலி செய்து நாத்தனார் வீட்டுப் பக்கத்தில் சின்னப் போர்ஷனுக்குப் போனார். பீரோவை எங்களுக்கு அனுப்பி வைத்தார். “நீதான் இதெல்லாம் நல்லா வச்சுக்குவ” என்றார். ஒரு வருஷம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு, இருட்டான எங்கள் படுக்கையறைக்கு அது இன்னும் இருட்டு சேர்க்கிறது என்று தோன்றிவிட்டது. வெளிநாட்டு வீடுகளின் படங்களில் பார்த்திருந்தேன்: வெள்ளை அடித்து, ஓரங்களில் மட்டும் தேய்த்து மரம் தெரிய விட்ட அலமாரிகள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

2019 ஜூன் மாதம். சென்னையின் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாகக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த மாதம். என் கணவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று பயந்து தவிர்க்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கொடுத்த பொருள் என்னுடையது என்று நினைத்தேன்.

சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினால் பெயிண்ட் சுண்ணாம்பு மாதிரி மந்தமாகக் காயும். மரம் தெரிய வேண்டிய ஓரங்களில் முன்கூட்டியே மெழுகுவத்தியால் தேய்த்துவிட வேண்டும். அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, பிறகு லேசாகச் சுரண்டினாலே உதிரும். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். ஐம்பது வருஷம் கைபட்டுக் கைபட்டுக் கைப்பிடியைச் சுற்றி வந்திருந்த நிஜமான தேய்மானத்தை வெள்ளைக்குள் மூடிவிட்டு, நான் தேர்ந்தெடுத்த நாலு ஓரங்களில் தேய்மானத்தைச் செய்து வைத்தேன்.

வெளிப்புறம் இரண்டு நாளில் முடிந்தது. கதவைத் திறந்தேன். பச்சை கண்ணை உறுத்தியது. அதையும் எடுத்துவிட்டு உள்ளே பூப்போட்ட காகிதம் ஒட்டினால் திறந்து வைத்தும் படம் எடுக்கலாம்.

அப்போதுதான் எழுத்தைப் பார்த்தேன். இடப்பக்கக் கதவில் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும். வலப்பக்கத்தில் நாலு வரி. மாமாவின் கையெழுத்து. அவர் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே தவறிவிட்டார். பழைய வாழ்த்து அட்டைகளில் அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பிள்ளைகள் பிறந்த தேதி, கிழமை, நேரம். முதல் வரியில் பெரிய மச்சான், 1973. இரண்டாவது நாத்தனார், 1975. நாலாவது என் கணவர், 1981. மூன்றாவது வரியில் பெயர் இல்லை. ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. ஒரு தேதி, விடிகாலை நேரம்.

யார் என்று யோசித்தேன். அதுவும் நிஜம். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றியது. போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது. கை முழுக்கத் தூள். எழுந்து, கை கழுவி, பத்தடி நடந்து போய் எடுத்து வர வேண்டும். குடத்தில் இருந்த தண்ணீரும் கொஞ்சம். அதையே காரணமாகச் சொல்லலாம். ஆனால் ஈரத்துணியில் துடைத்தாலே போதுமாயிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பிள்ளை தூக்கத்தில் இருந்து எழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற வேகம். பத்து நிமிஷத்தில் அந்தப் பச்சை போய் மரம் வந்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகவே இருந்தது.

ஆடிக்கு அத்தை வந்தார். பீரோவைப் பார்த்து, “வெளிச்சமா இருக்கும்மா” என்றார். பிறகு கதவைத் திறந்து, பூப்போட்ட காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். குறிப்பாக ஒரு இடத்தில்தான் வைத்தார்.

“இங்க எழுதியிருந்துச்சே?”

“என்ன அத்தை? நான் ஒண்ணும் பாக்கலையே” என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேலும் சொன்னேன். “அந்தப் பழைய பச்சைப் பெயிண்ட்ல ஈயம் இருக்கும் அத்தை. பிள்ளைங்க இருக்கிற வீட்ல வைக்கக் கூடாதுன்னாங்க. அதான் எடுத்துட்டேன்.”

அந்த ஈயச் செய்தி, வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து எங்கோ படித்தது. படித்த அன்று வயிறு கலங்கியது. மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பார்கள். அதோடு நீலம் கலந்துதான் அந்தக் காலத்துப் பச்சை எனாமல்கள் பலவும் தயாராயின. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயிண்ட் கெட்டியாக மரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவரை பெரிய ஆபத்தில்லை. அதைத் தொடாமல் விடலாம், இல்லை மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்து மூடிவிடலாம். செய்யவே கூடாத காரியம், காய்ந்த உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தூளாக்கி வீட்டுக்குள் பறக்கவிடுவது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் அதைத்தான் செய்திருந்தேன். முகத்துக்குத் துணிகூடக் கட்டவில்லை. தூக்கம் கலைந்து மகள் நேராக என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அன்று ராத்திரி அவள் காலைத் துடைத்தபோது உள்ளங்காலில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. பிறகு டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்தப் பரிசோதனைக்குக்கூட, கணவரிடம் வேறு காரணம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பச்சையில் ஈயம் இருந்ததா என்று சோதித்துப் பார்க்கவே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம், அது கிடைத்துவிட்டது.

அத்தை நம்பினார். நம்பியதோடு விடவில்லை. புதுக்கோட்டையில் அக்கம்பக்கத்தில் எல்லாம், “எம் மருமக எவ்வளவு வெவரம் பாருங்க. பெயிண்ட்ல வெசம் இருக்குன்னு கண்டுபுடிச்சு, பேத்திக்காக ராப்பகலா உக்காந்து தேய்ச்சிருக்கா” என்று சொல்லியிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். நான் சிரித்தேன்.

மூன்றாவது வரி யார் என்று அதற்கு அடுத்த வருஷம், ஊரடங்கில், பேச்சோடு பேச்சாக என் கணவர் சொன்னார். தனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாளில் போய்விட்டதாம், பெயர்கூட வைக்கவில்லை, அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டார் என்றார். ஒன்பது நாள் இருந்த குழந்தைக்குப் போட்டோ கிடையாது. 1978-இல் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழும் யாரும் வாங்கவில்லை. அவள் பிறந்தாள் என்று எழுத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

வெள்ளை நெடுநாள் நிற்கவில்லை. தேக்கின் சாறு தண்ணீர்ப் பெயிண்டில் ஊறி மேலே வரும். அடியில் அரக்கு ப்ரைமர் கொடுத்துத் தடுக்காவிட்டால் எத்தனை பூச்சு அடித்தாலும் பழுப்புக் கறை எட்டிப் பார்க்கும். இரண்டு மழைக்காலத்தில் பீரோ திட்டுத்திட்டாக மஞ்சளித்துவிட்டது. போன வருஷம் ரிமூவர் போட்டு, கையுறை மாட்டி, கதவு கதவாகக் கழற்றி எல்லாவற்றையும் எடுத்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, மெல்லிசாகப் பூச்சுமேல் பூச்சாகப் பதினோரு தடவை இட்டேன். தேக்கு பழைய நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பூப்போட்ட காகிதத்தையும் உரித்தேன். இடப்பக்கக் கதவில் பச்சை அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்குக் கை வலித்து, அந்தக் கதவைத் தேய்க்காமல் காகிதத்தை மேலே ஒட்டியிருக்கிறேன். அதுவும் மறந்து போயிருந்தது. பசை பட்டு மங்கியிருந்தாலும் பால் கணக்கு படிக்க முடிகிறது. 1979 மார்ச், அரை லிட்டர், அரை லிட்டர், ஒரு நாள் ‘இல்லை’.

வலப்பக்கத்தில் வெறும் மரம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன், பென்சில் அழுந்திய தடமாவது இருக்காதா என்று. பெயிண்டின் மேல் எழுதியது மரம்வரை இறங்கவில்லை.

போன வாரம் கணவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும், அந்தப் போன் அடுத்த அறையில் கிடந்ததையும் சேர்த்து. வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மாகிட்ட நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

அத்தைக்கு இப்போது எழுபத்தைந்து. கண் ஆபரேஷன் ஆகி நன்றாகப் படிக்கிறார். இந்த இதழ் அவர் கைக்குப் போவதற்கு முன்னால் நான் போயாக வேண்டும். நினைவில் இருக்கிற வரை நாலு வரியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று வரி சரியாக வந்தது, அவர்களின் ஜாதகம் இருக்கிறது, ஒப்பிட்டுக்கொண்டேன். மூன்றாவது வரியில் தேதி 17 என்று நினைக்கிறேன். நேரம் 4.10-ஆ 4.40-ஆ என்று நிச்சயமாக இல்லை. அதை அத்தையிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.