மேற்கோள் குறிக்குள் கை வைக்காதே!

பகலில் செய்தி எழுதுவது என் வேலை. இரவு பத்து மணிக்கு மேல் இன்னொரு வேலை இருக்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம் என்கிற ஓர் இணைய ஆங்கில அகராதியில், சொற்களுக்குக் கீழே பழைய புத்தகங்களிலிருந்து மேற்கோள் சேர்ப்பேன். ''தூங்குற நேரத்துல இது தேவையா?'' என்று அம்மா கேட்காத நாளில்லை.

நான் முதலில் கை வைத்தது 'செல்' என்ற சொல்லில். 1665-ல் லண்டனில் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' புத்தகத்தில் ராபர்ட் ஹூக் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு தக்கைத் துண்டை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், தேனடை மாதிரி குட்டிக் குட்டி அறைகள். ஒரு கன அங்குலத்தில் எத்தனை அறைகள் இருக்கும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார். 125 கோடிக்கும் மேல்! உயிரியல் வகுப்பில் நாம் படித்த 'செல்'லின் கதை இந்தத் தக்கையில்தான் ஆரம்பிக்கிறது.

ஸ்கேன் செய்த புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டர் எடுத்துக்கொடுத்த எழுத்துகளை அப்படியே காப்பி செய்தேன். படித்தால் ஒன்றும் புரியவில்லை. அந்தக் காலத்து ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்துக்கு இரண்டு வடிவங்கள். சொல்லின் கடைசியில் வந்தால் இன்றைய வடிவம். முதலிலோ நடுவிலோ வந்தால் பெரும்பாலும் நெட்டையான இன்னொரு வடிவம். பார்ப்பதற்கு அது 'எஃப்' போலவே இருக்கும். கம்ப்யூட்டரும் ஏமாந்துவிடும். 'சேம்' என்பது 'ஃபேம்' ஆகிவிடும்; 'சவுண்ட்' என்பது 'ஃபவுண்ட்' ஆகிவிடும். இரண்டுமே சரியான ஆங்கிலச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது.

அவற்றைச் சரிசெய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'கியூபிக்' என்ற சொல்லின் கடைசியில் கூடுதலாக ஒரு 'கே' இருந்தது. தூக்கினேன். நடு வாக்கியத்தில் சாதாரணச் சொற்கள்கூடப் பெரிய எழுத்தில் ஆரம்பித்தன. சின்னதாக்கினேன். நீளம் அதிகமாகப் பட்டதால் நடுவில் நாலு சொற்களையும் வெட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது!

மறுநாள் மாலைக்குள் மூத்த பங்களிப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருந்தார். 'எஸ்' திருத்தத்தை மட்டும் விட்டுவைத்தார். அவர் சொன்ன காரணம் இதுதான்: எழுத்தின் வடிவத்தை மாற்றலாம்; எழுத்துக்கூட்டலை மாற்றக் கூடாது. வெட்டினால், வெட்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வைக்க வேண்டும்.

எனக்கு ஆச்சியின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகும் அவர் கை மாறவில்லை. அந்தத் தும்பிக்கையை இன்றைய வடிவத்தில் டைப் செய்தால் ஆச்சி சொன்னது மாறிவிடாது. ஆனால் அவர் எழுதிய 'வவுத்து வலி'யை நான் 'வயிற்று வலி' ஆக்கினால், அது ஆச்சியின் கடிதமே இல்லை. அகராதியிலும் இதே நியாயம்தான். 1665-ல் ஒரு சொல்லை எப்படி எழுதினார்கள் என்பதற்கு அந்த வரி சாட்சி. கூடுதல் 'கே'யை நான் தூக்கிவிட்டு, பக்கத்தில் 1665 என்று ஆண்டும் போட்டால், அது பொய்சாட்சி.

இது புரிந்தபோது என் வயிற்றில் வேறொரு விஷயம் புரண்டது.

மழை வெள்ளத்தில் இட்லிக் கடையை இழந்த ஓர் அம்மாவிடம் அதற்குச் சில வாரங்கள் முன்பு பேட்டி எடுத்திருந்தேன். ''என் பொழப்பையே அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு கண்ணு'' என்றார். நான் எழுதியது: ''என் வாழ்வாதாரம் முற்றிலும் பாதிக்கப்பட்டுள்ளது.'' அதையும் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன்.

செய்தி வந்த இரண்டாம் நாள் அவர் மகள் போன் செய்தாள். ''அக்கா, அம்மா இப்படிப் பேசவே மாட்டாங்க. நிவாரணம் வாங்க யாரோ எழுதிக்கொடுத்துப் பேச வெச்சிருக்காங்கனு தெருவுல சொல்றாங்க'' என்றாள். ''அர்த்தம் ஒண்ணுதானேம்மா'' என்று சமாதானம் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அர்த்தம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அது அவர் குரல் இல்லை. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயரின் ஒற்றை எழுத்துக்குக் கொடுத்த மரியாதையை, என் எதிரில் உட்கார்ந்து அழுத அம்மாவுக்கு நான் கொடுக்கவில்லை.

மறுநாள் எடிட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ரெக்கார்டிங்கைக் கேட்டு, அவர் பேசியதை அப்படியே போட்டோம். மேற்கோள் திருத்தப்பட்டிருக்கிறது என்று செய்திக்குக் கீழே ஒரு குறிப்பும் சேர்த்தோம். பிறகு அந்தத் தங்கைக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டியதாகச் சொன்னாள்.

''என்ன சொன்னாங்க?''

''இப்பதான் நான் சொன்ன மாதிரி இருக்குனு சொன்னாங்கக்கா.''